‘இதுவரை யாரும் எழுதவில்லை’: திரையிசை ஆய்வு நூல்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு திரை இசையமைப்பாளரின் இசையைப் பற்றி ஆய்வு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். தேடுபொறியில் அவர் பெயரைப் போடுகிறார்கள். பேட்டிகள், பிறந்தநாள் கட்டுரைகள், பாடல் பட்டியல்கள், விருதுச் செய்திகள் வந்து குவிகின்றன. நாலைந்து பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டு, ஆய்வு நூல் என்று எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இன்று வழிகாட்டும் இடத்தில் இருக்கிற பலரும் ஒரு காலத்தில் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்தான். புதியவர்களும் அங்கேயே கால் வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டாதீர்கள், பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, தெரிந்தவர்களும் தடுக்கி விழுகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவது

இளையராஜா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ‘எல்’ ஒன்றா இரண்டா, அடுத்து ‘ஏ’ மட்டும் போதுமா ‘ஐ’யும் வேண்டுமா, ‘ராஜா’வின் நடுவில் ‘ஏ’ ஒன்றா இரண்டா என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார்கள். முதல் மூன்று எழுத்தை அடித்து நட்சத்திரக் குறி போட்டால், அந்தக் குறியை ஏற்கும் தரவுத்தளங்களில் ஒற்றை ‘எல்’ வடிவங்கள் எல்லாம் ஒன்றாக வரும். இரட்டை ‘எல்’ வடிவம் அதில் சிக்காது. அதைத் தனியாகத் தேட வேண்டும். கூடவே ‘ஃபிலிம்’ என்ற சொல்லையும் சேருங்கள். இல்லாவிட்டால் அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு பெயர்களெல்லாம் வந்து நிறையும்.

நட்சத்திரக் குறி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் பெயர் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ‘எஸ்’ எழுத்தில் தொடங்குகிறது, பிரெஞ்சில் ‘சி’யில் தொடங்குகிறது. டகெமிட்சு போன்ற ஜப்பானியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னே வருவதும் பின்னே வருவதும் பதிவுக்குப் பதிவு மாறும். தேடலைத் தொடங்கும் முன் ‘வியாஃப்’ என்ற பன்னாட்டுப் பெயர்க் கோப்பைத் திறந்து பாருங்கள். பல நாட்டுத் தேசிய நூலகங்கள் ஒருவரை எந்தெந்த வடிவத்தில் பதிந்திருக்கின்றன என்பது ஒரே பக்கத்தில் கிடைக்கும். இலவசம்தான், பத்து நிமிட வேலை.

‘பிஜிஎம்’ என்று தேடுவது

நாம் பேசுகிற சொல் வேறு, நூலகம் பதிகிற சொல் வேறு. திரையிசைக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள்தலைப்பு, அதாவது நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் சொல், ‘மோஷன் பிக்சர் மியூசிக்’. உலகின் பல நூலகங்கள் அதையே பின்பற்றுகின்றன. கட்டுரைகளில் ‘ஃபிலிம் மியூசிக்’, ‘ஸ்கோர்’, ‘அண்டர்ஸ்கோர்’, ‘சவுண்ட்டிராக்’ ஆகிய நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அலமாரியில் தேடுகிறவர்களுக்கு நூலகங்கள் நூல்களை வகைப்படுத்தும் எண்கள் உதவும். டியூயி முறையில் திரையிசை 781.542. காங்கிரஸ் நூலக முறையில் எம்எல் 2075. தனி இசையமைப்பாளர்களின் வாழ்க்கை வரலாறும் அவர்களைப் பற்றிய நூல்களும் எம்எல் 410. இந்த இரண்டு அலமாரிகளையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் அடுத்த பகுதி.

பெயர் தலைப்பில் இருந்தால்தான் நூல் என்று நினைப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வேடுகளின் முன்னுரையில் ஒரு வாக்கியம் ஓயாமல் வருகிறது: ‘இவரது இசை குறித்து இதுவரை யாரும் ஆராயவில்லை.’ படிக்கும்போதே எரிச்சல் வரும். விசாரித்தால், அதை எழுதியவர் செய்தது ஒரே ஒரு தேடலாக இருக்கும்: நூலகப் பட்டியலின் தலைப்புக் கட்டத்தில் இசையமைப்பாளரின் பெயர், அவ்வளவுதான்.

அந்தத் தேடல் ஏன் தோற்கிறது என்பது தெரிந்தால் மறுபடி அப்படி எழுத மனம் வராது. நூலகப் பட்டியல் ஒரு நூலை முழுதாக, ஒரே உருப்படியாகத்தான் பதிகிறது. பன்னிரண்டு பேர் எழுதிய தொகுப்பு நூலுக்கும் ஒரே பதிவுதான்: தொகுப்பாசிரியர் பெயர், பொதுத் தலைப்பு, இரண்டு மூன்று பொருள்தலைப்புகள். இயல்களின் தலைப்பைப் பதிவதற்கென்று மார்க் என்ற கணினிப் பட்டியல் வடிவத்தில் 505 என்ற புலம் இருக்கிறது. அதை நிரப்பியிருந்தால் இயல்களும் தேடலில் சிக்கும். பல பதிவுகளில் அது காலியாகக் கிடக்கிறது. திரையிசை ஆய்வில் கணிசமான பகுதியோ தொகுப்பு நூல்களின் இயல்களாகவும் இதழ்க் கட்டுரைகளாகவும்தான் வந்திருக்கிறது.

ஒரு நூலைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 2008-ல் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘குளோபல் சவுண்ட்டிராக்ஸ்’. தொகுத்தவர் மார்க் ஸ்லோபின். தலைப்பில் தமிழும் இல்லை, எந்த இசையமைப்பாளரின் பெயரும் இல்லை. உள்ளே புரட்டினால், ஜோசப் கெட்டரும் பி. பாலசுப்ரமணியனும் சேர்ந்து தமிழ்த் திரையிசையைப் பற்றி எழுதிய ஓர் இயல் முழுதாக இருக்கிறது. இயலின் தலைப்பிலும் இசையமைப்பாளர் பெயர் கிடையாது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவருக்கு இது எத்தனை ஆண்டானாலும் கண்ணில் படாது.

இன்னொரு வகை மறைவிடம், இயக்குநரின் பெயர். ஜாக் சல்லிவன் எழுதி 2006-ல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘ஹிட்ச்காக்ஸ் மியூசிக்’ நூலின் தலைப்பில் பெர்னார்ட் ஹெர்மன் இல்லை. ஆனால் ஹெர்மனை ஆராய்கிறவர் அதைத் தாண்டிப் போகவே முடியாது. ‘வெர்டிகோ’வும் ‘சைக்கோ’வும் அவர் இசையமைத்த படங்கள். நினோ ரோட்டாவைத் தேடுகிறவர் ஃபெலினி அலமாரிக்கும் போக வேண்டும். புரோகோஃபியேவின் திரையிசையைத் தேடுகிறவர் ஐசன்ஸ்டைன் நூல்களையும் புரட்ட வேண்டும். அவையெல்லாம் இசைப் பகுதியில் இருக்காது. சினிமாப் பகுதியில், டியூயி 791.43-ல், காங்கிரஸ் முறையில் இயக்குநர்களுக்கான பிஎன் 1998.3-ல் இருக்கும். பெரிய நூலகங்களில் இது வேறு மாடி, சில சமயம் வேறு கட்டடம்.

இந்தத் தவறுக்கான விலை கடைசியில்தான் தெரியவரும். மூன்று இயல்கள் எழுதி முடித்தபின், வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரு தொகுப்பு நூலை மேசைமேல் வைக்கிறார். மாணவர் தன் கண்டுபிடிப்பாக எழுதியிருந்த அதே மெட்டுக்கூறு, அதே காட்சி, அதே வாதம், பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சில் இருக்கிறது. முன்னுரையை மட்டும் திருத்தினால் போதாது. ஆய்வுச் சிக்கலையே மாற்ற வேண்டும். அதைத் தாங்கி நின்ற இயலைக் கலைக்க வேண்டும். இரண்டு நாள் தேடலை மிச்சம் பிடித்தது ஆறு மாத வேலையாகத் திரும்பி வருகிறது. மாணவர் திறமையில் குறை இருந்து இப்படி நடந்தால் வருத்தம் குறைவாக இருக்கும். நல்ல காது உள்ளவர்கள், இசைக்குறிப்பை நுணுக்கமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இதில் மாட்டுகிறார்கள் என்பதுதான் தாங்க முடியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்கள். இரண்டாவதில் முக்கியமான பத்துப் படங்களின் மூலத் தலைப்பும் வெளிநாட்டில் வழங்கிய தலைப்பும். மூன்றாவதில் அவர் அதிகம் பணியாற்றிய இயக்குநர்கள். நான்காவதில் வாத்திய அமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள், பாடகர்கள். ஐந்தாவதில் வகைமை, தயாரிப்பு நிறுவனம், காலம், மொழி. ஒவ்வொரு பத்தியையும் ‘மியூசிக்’, ‘சவுண்ட்’ என்ற சொற்களோடு தனித்தனியே சேர்த்துத் தேடுங்கள்.

அந்தத் தேடலை முதலில் ‘ரில்ம்’ தரவுத்தளத்தில் நடத்துங்கள். 1966-ல் பாரி புரூக் தொடங்கிய இசை ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு அது. தொகுப்பு நூல்களின் இயல்களையும் தனித்தனியே பதிகிறது என்பதுதான் அதன் பெருமை. நூலகப் பட்டியலில் விழுகிற ஓட்டையை அது பெருமளவு அடைக்கிறது. பிறகு சினிமாப் பக்கம் போய், திரைப்படக் காப்பகங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ‘ஃபியாஃப்’ 1972 முதல் தொகுத்துவரும் திரை இதழ்க் கட்டுரை அடைவில் அதே தாளை வைத்துத் தேடுங்கள். இசைக்காரர்களும் சினிமாக்காரர்களும் ஒருவர் இதழில் மற்றவர் அதிகம் எழுதுவதில்லை, அதனால் இரண்டு வீட்டுக் கதவையும் தட்டியாக வேண்டும்.

கடைசிப் படி, பலரும் சோம்பல்படுகிற படி. திரையிசை வரலாறு, கோட்பாடு பற்றிய பொது நூல்களில் ஆறேழை மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் கடைசியிலும் உள்ள சொல்லடைவில் உங்கள் இசையமைப்பாளரையும் அவருடைய படங்களையும் பாருங்கள். ‘23’ என்று ஒற்றைப் பக்கம் இருந்தால் போகிற போக்கில் சொன்னது. ‘112–131’ என்று இருந்தால் அது ஒரு முழு அலசல். அதன் அடிக்குறிப்புகளில் இன்னும் பல கட்டுரைகள் காத்திருக்கும். நூல் கையில் இல்லையென்றால் கூகுள் புக்ஸில் உள்தேடல் செய்தாலே பெரும்பாலும் பக்க எண் தெரிந்துவிடும்.

ஜேஸ்டோரில் வரவில்லை, எனவே இல்லை

ஆய்வு இதழ்களின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோர் பல இதழ்களின் அண்மை ஆண்டுகளைத் தருவதில்லை. பெரும்பாலான இதழ்களுக்கு இந்த இடைவெளி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அங்கே மட்டும் தேடினால் துறையின் இன்றைய விவாதம் முழுவதும் விட்டுப்போகும். 2007-ல் லிவர்பூலிலிருந்து தொடங்கிய ‘மியூசிக், சவுண்ட், அண்ட் தி மூவிங் இமேஜ்’, 2008-ல் இல்லினாய்ஸிலிருந்து தொடங்கிய ‘மியூசிக் அண்ட் தி மூவிங் இமேஜ்’ ஆகிய இரண்டு இதழ்களின் உள்ளடக்கப் பக்கங்களையும் முதல் இதழிலிருந்து கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரு மாலை போதும்.

மதிப்புரையைக் கட்டுரை என்று எடுத்துக்கொள்வது

பக்க எண்ணைப் பாருங்கள். இரண்டு மூன்று பக்கம் என்றால் பெரும்பாலும் அது நூல் மதிப்புரை. படிக்கலாம், நூலுக்கு மாற்றாகாது.

ஒரே மொழியில் தேடுவது

இத்தாலியத் திரை இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனேயைப் பற்றி செர்ஜியோ மிச்செலி எழுதிய பெரிய நூல் 1994-ல் இத்தாலிய மொழியில் வந்தது. ஆங்கிலச் சொற்களை மட்டும் அடிப்பவருக்கு இப்படிப்பட்ட நூல்கள் கிடைப்பது அரிது. மொழி தெரியாவிட்டாலும் இசையமைப்பாளரின் தாய்மொழியில் ‘இசை’, ‘திரைப்படம்’ என்ற இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டு தேடுங்கள். இசைக்குறிப்பு எடுத்துக்காட்டுகளையும் துணைநூற்பட்டியலையும் படிக்க மொழி அவ்வளவாகத் தேவையில்லை.

பழைய பதிப்பின் அட்டையை நம்புவது

‘கம்போசிங் ஃபார் தி ஃபிலிம்ஸ்’ 1947-ல் வந்தபோது அட்டையில் ஹான்ஸ் ஐஸ்லர் பெயர் மட்டும் இருந்தது. உடன் எழுதிய தியோடர் அடோர்னோவின் பெயர் பிந்தைய பதிப்புகளில்தான் சேர்ந்தது. எனவே ஒரே நூல் இரண்டு ஆசிரியர் பதிவுகளாகப் பட்டியலில் கிடக்கும். மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று குறிக்காவிட்டால் படிப்பவர் தவறான பக்கத்தைத் திறப்பார்.

இசைத்தட்டுக் குறிப்புகளை ஒதுக்குவது

ரசிகர் இதழ்களும் இசைத்தட்டோடு வரும் சிறு ஏடுகளும் ஆய்வு நூல்கள் அல்ல. அதற்காகக் குப்பையும் அல்ல. ஒலிப்பதிவு நாள், வாத்தியக்காரர் எண்ணிக்கை, படத்திலிருந்து வெட்டப்பட்ட இசைத்துண்டுகள் போன்ற தகவல்கள் பல சமயம் அங்கேதான் முதலில் வருகின்றன. தகவலை அங்கிருந்து எடுங்கள், விளக்கத்தை ஆய்விலிருந்து எடுங்கள், இரண்டையும் தனித்தனியாகவே மேற்கோள் காட்டுங்கள்.

உரையாடல் செயலி தந்த நூற்பட்டியல்

செயற்கை நுண்ணறிவுச் செயலி பட்டியலிட்டுத் தந்தாலும், நூலகப் பட்டியலில் கண்ணால் பார்க்காத எந்த நூலும் உங்கள் துணைநூற்பட்டியலில் வரக் கூடாது.

காப்பகக் கையேடுகளைத் திறக்காமல் விடுவது

ஹெர்மனின் தாள்கள் சாந்தா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இன்னொரு ஹாலிவுட் இசையமைப்பாளரான மேக்ஸ் ஸ்டைனரின் தொகுப்பு பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இத்தகைய தொகுப்புகளுக்குக் காப்பகங்கள் விளக்கக் கையேடு தயாரித்து இணையத்தில் வைப்பது வழக்கம். அங்கே போக முடியாதவருக்கும் அது பயன்படும்: எந்தப் படத்துக்குக் கையெழுத்துப்படி இருக்கிறது என்பது தெரிந்தால், அந்தப் படத்தின் பெயரையும் காப்பகத்தின் பெயரையும் சேர்த்துத் தேடி, அந்தத் தாள்களைப் பயன்படுத்தி எழுதிய கட்டுரைகளைப் பிடிக்கலாம். நன்றியுரையிலோ அடிக்குறிப்பிலோ காப்பகத்தின் பெயர் கட்டாயம் இருக்கும்.

நூலகக் கடனில் முழு நூலைக் கேட்பது

தொகுப்பு நூலில் உங்களுக்கு வேண்டியது ஓர் இயல்தான் என்றால் அதை மட்டும் கேளுங்கள். முழு நூல் தபாலில் வர வாரக்கணக்கில் ஆகலாம். ஓர் இயலை வருடிப் படமாக அனுப்புவதானால் வழக்கமாக அதைவிட வெகு சீக்கிரம் கைக்கு வரும். விண்ணப்பத்தில் இயலாசிரியர் பெயர், இயல் தலைப்பு, தொகுப்பாசிரியர், நூல் தலைப்பு, பதிப்பாண்டு, ஐஎஸ்பிஎன் எண், தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம் ஆகிய எட்டும் இருக்க வேண்டும். இயலுக்கான அடிக்குறிப்புகள் நூலின் கடைசியில் மொத்தமாக அச்சிடப்பட்டிருந்தால், அந்தப் பக்கங்களையும் எண்ணோடு சேர்த்துக் கேளுங்கள். அதைக் கேட்க மறந்து, எண்கள் மட்டும் மிதக்கும் இயலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை விண்ணப்பிப்பவர்கள் நிறைய.