பெங்களூரு தென்காசிக்குக் கிழக்கே இருக்கிறது

வாசித்ததும் "அதெப்படி?" என்று கேட்டிருப்பீர்கள். கர்நாடகம் நமக்கு வடமேற்கே, பெங்களூரு கர்நாடகத்தில், ஆகவே பெங்களூரு மேற்கே. மனசு போடும் கணக்கு இது. மேப் வேறு சொல்கிறது. தீர்க்கரேகையில் தென்காசி 77.3 பாகை, பெங்களூரு 77.6, திருநெல்வேலி 77.7. நெல்லை ஜங்ஷனிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே போனால் பெங்களூரு. தென்காசிக்காரருக்கு அது சற்றே கிழக்கே தள்ளி. இலங்கை "கீழே" இருக்கும் நாடு என்ற நினைப்பும் அப்படித்தான். யாழ்ப்பாணம் திருநெல்வேலியைவிட சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது.

பூகோளப் பாடத்தில் தூங்கியவர்களுக்கு மட்டும் வரும் குழப்பம் இல்லை இது. ஸ்டீவன்ஸ், கூப் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் அமெரிக்க ஊர்களை வைத்து இதே வகைக் கேள்வியைக் கேட்டார்கள். கலிஃபோர்னியா மேற்குக் கரையில் இருப்பதால் அதிலுள்ள சான் டியாகோ, நெவாடாவின் ரீனோவுக்கு மேற்கேதான் இருக்கும் என்றே பலரும் சொன்னார்கள். உண்மை நேர்மாறு. மனம் ஒவ்வோர் ஊரையும் தனித்தனியாகக் குறித்து வைப்பதில்லை. மாநிலத்தின் திசையை வைத்துக்கொண்டு, ஊரின் திசையைக் கேட்கும்போது ஊகிக்கிறது. பெரும்பாலும் அது சரியாகவும் வந்துவிடுவதால் ஊகம் என்றே நமக்குத் தெரிவதில்லை.

அந்த ஊகத்தை நேரில் எடுத்த படமாக நம்பிவிடுவதில்தான் கீழே வரும் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

முதலில் கண். கண் கேமரா, மூளை அதன் மெமரி கார்டு என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிவிட்டோம். கோடு போட்ட நோட்டை எடுங்கள். ஒரு கோட்டின் மேல் பேனாவால் பெருக்கல் குறி, அதே கோட்டில் வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி உளுந்து அளவுக்கு ஒரு புள்ளி. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி, கை நீட்டிய தூரத்திலிருந்து நோட்டை மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். சுமார் 30 சென்டிமீட்டரில் புள்ளி காணாமல் போகும். விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. புள்ளியின் பிம்பம் அங்கே விழுந்துவிடுகிறது. பிரான்சில் மாரியட் என்பவர் 1660களிலேயே கண்டு சொன்னது. ஆனால் நான் பார்க்கச் சொல்வது அந்தப் புள்ளியை அல்ல, கோட்டை. புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை தெரியாது, கறுப்புத் தெரியாது; நோட்டின் கோடு அறுபடாமல் ஓடும். இல்லாத தகவலை மூளை அக்கம்பக்கத்தை வைத்து இட்டு நிரப்பிவிட்டது.

இதைத் தெரிந்துகொள்ளாததற்கு விலையும் உண்டு. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் பார்வை பெரும்பாலும் ஓரங்களிலிருந்து போகத் தொடங்கும். "கண்ணுல கறுப்பா மறைச்சா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம்" என்று காத்திருக்கிறார்கள். மறைக்காது. போன இடத்தையும் மூளை இட்டு நிரப்பிக்கொண்டே வரும். எதிரே இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரியும், கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் பலகையின் கடைசி வரிவரை வாசித்துவிடுவார். பக்கவாட்டில் வரும் பைக்தான் "திடீரென்று" முளைக்கும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். 40 வயது தாண்டியவர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் யாருக்காவது இது இருந்தால், கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். எல்லாம் தெரிகிறது என்ற உணர்வு, எல்லாம் தெரிவதற்கான சாட்சி ஆகாது.

கேமரா நினைப்போடு ஒட்டி வருவது, உள்ளே உட்கார்ந்து படம் பார்க்கும் ஆள். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்று கெப்ளர் 1604இல் எழுதினார். அன்றிலிருந்து "அப்ப யார் அதை நிமிர்த்துறா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். யாரும் நிமிர்த்துவதில்லை, பார்ப்பதற்கு உள்ளே யாராவது இருந்தால்தானே. அவர் தலைக்குள் இன்னொருவர் வேண்டியிருக்கும், அவருக்குள் மற்றொருவர். ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்கர் 1890களில் உலகைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை நாள்கணக்கில் மாட்டிக்கொண்டே திரிந்தார். சில நாட்களில் கைகால் அதற்குப் பழகி, தடுமாறாமல் நடமாட வந்துவிட்டது. எது மேலே, எது கீழே என்பது உடம்பு நடமாடித் தீர்க்கும் விஷயம்.

மறுபடி மேப்புக்கு வருகிறேன். ஏனென்றால் அதில் நம்மூர்க்காரர்களுக்குத் தனிப் பங்கு இருக்கிறது. எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், குறிப்பிட்ட இடத்துக்கு எலி வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை ஜான் ஓகீஃப் 1971இல் கண்டார். 2005இல் மோசர் தம்பதியின் ஆய்வுக்கூடம் பக்கத்துப் பகுதியில் வேறொரு வகைச் செல்லைக் கண்டது. எலி ஓடும் தரையில் அந்தச் செல் துடித்த இடங்களைக் குறித்தால், ஊடுபுள்ளி வைத்த கோலம் போலச் சமமுக்கோணங்களாக வருகிறது. மூவருக்கும் 2014இல் நோபல். உடனே "மூளைக்குள் ஜிபிஎஸ்" என்று தலைப்புப் போட்டார்கள். ஜிபிஎஸ் எங்கே நின்று கேட்டாலும் ஒரே அளவுகோலில் பதில் சொல்லும். மனசின் மேப் அப்படியல்ல. வளைவை நிமிர்த்தும், சாய்வை நேராக்கும்.

தாமிரபரணியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பொதிகையில் பிறந்து கிழக்கே கடலுக்குப் போகிறது என்று படித்த கை, பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை இழுத்தாற்போல் ஒரு கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டை நம்பினால் ஜங்ஷன் வடகரை, பாளையங்கோட்டை தென்கரை. ஆனால் சுலோசன முதலியார் பாலத்தின் கீழே ஆறு ஏறக்குறைய வடக்கு நோக்கி ஓடுகிறது. ஜங்ஷன் மேற்குக்கரை, பாளை கிழக்குக்கரை. சீவலப்பேரிப் பக்கம் சிற்றாறு வந்து சேர்ந்த பிறகுதான் தென்கிழக்கே திரும்பி ஸ்ரீவைகுண்டம் போகிறது. தினமும் அந்தப் பாலத்தில் போய் வருபவரும் இதைத் தவறவிடலாம். பாலத்தைக் கடக்க ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தேவையில்லை. தேவையில்லாததை மனம் சுருட்டி வைத்துவிடும்.

அதே நெல்லைச் சீமையில், பந்தியில் "அண்ணாச்சி, கொஞ்சம் வடக்க தள்ளி உக்காருங்க" என்பது சாதாரணப் பேச்சு. எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் 1990களில் தமிழ்நாட்டில் இதைத்தான் ஆராய்ந்தார். கிராமத்தார் திசை சொல்லிப் பேசினார்கள், நகரத்தார் இடம் வலம் சொன்னார்கள். இப்படிப்பட்ட ஆய்வில், மேசையில் வரிசையாக வைத்த பொம்மைகளைக் காட்டிவிட்டு, ஆளைத் திருப்பி நிறுத்தி இன்னொரு மேசையில் அதே மாதிரி அடுக்கச் சொல்வார்கள். திசையில் பேசிப் பழகியவர் பெரும்பாலும் வடக்கே பார்த்த பொம்மையை வடக்கே பார்க்க வைப்பார். மற்றவர் இடம் வலத்தைக் காப்பார். இதிலிருந்து "மொழிதான் மனசு" என்று பாய்ந்துவிடுவது அடுத்த தவறு. சுற்றுப்புறத்தில் தெரியும் அடையாளங்களை மாற்றினால் அடுக்கும் விதமும் மாறுகிறது என்று 2002இல் லீயும் கிளைட்மனும் காட்டினார்கள். என்னைக் கேட்டால், அம்பாசமுத்திரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரிகிறது. ஆடி மாதம் முகத்தில் அடிக்கும் காற்றே திசை சொல்லும். அந்த ஊர்க்காரர் சென்னையில் இறங்கி திசை குழம்பி நிற்பதற்குத் தமிழ் என்ன செய்யும்?

கண்ணால் கண்ட சாட்சி விஷயத்தில் நாம் இன்னும் மோசம். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் பாமரும் கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் "இடித்தபோது என்ன வேகம்?" என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். இரண்டாவது கூட்டம் அதிக வேகம் சொன்னது. ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, நொறுங்கிய கூட்டத்தில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். இடித்த கூட்டத்தில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நாலுவழிச் சாலையில் ஒரு விபத்து நடந்தால், டீக்கடையில் பத்துப் பேர் பேசி முடித்த பிறகு வாக்குமூலம் வாங்குவதைவிட, பேசும் முன்பே ஆளாளுக்குத் தனியாக எழுதி வாங்குவது நல்லது. கேள்வியும் "என்ன பாத்தீக?" என்று திறந்ததாக இருக்கட்டும், "லாரி வேகமா வந்துச்சுல்லா?" என்று பதிலை ஊட்டக் கூடாது.

இவ்வளவும் கேட்டபின் சிலர் "அப்ப எல்லாம் மாயைதான், சயின்ஸே சொல்லிட்டு" என்று வாட்சப்பில் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம். பாசி பிடித்த படித்துறையில் கால் வைத்து இறங்குகிறோமே, ஊகம் தப்பினால் ஆறு அந்தக் கணமே திருத்திவிடும். கயிற்றைப் பாம்பென்று கண்டவரும் விளக்கைக் கொண்டுவந்து பார்த்துத்தான் தெளிகிறார். விளக்கும் கண் வழியாகத்தான் வேலை செய்கிறது.

கடைசியாக, சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒன்று. "கண்ணை மூடிக்கிட்டு குற்றால அருவியை மனசுல கொண்டாங்க" என்று வகுப்பில் சொன்னால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அருவி வராது. மனக்கண்ணில் படமே தோன்றாதவர்கள் உண்டு. 2015இல் ஆடம் ஜெமன் குழுவினர் இதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள். அது நோயும் இல்லை, மந்தமும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அருவி எங்கே விழுகிறது, எப்படி இரையும், சாரல் எதுவரை தெறிக்கும் எல்லாம் தெரியும். படமாகத் தெரியாது, அவ்வளவுதான். எழுதச் சொல்லுங்கள், எழுதிவிடும்.