அயர்லாந்துல கேத்தலிக் பிரைமரி ஸ்கூல்: புதுசா வந்த நம்ம ஆளுங்களுக்கு

வீடு கிடைச்சு பிபிஎஸ் நம்பர்னு சொல்ற அரசு அடையாள எண் வாங்கி ஒருவழியா பிள்ளைக்கு ஸ்கூல் தேட ஆரம்பிச்சா, மேப்ல வர்றது எல்லாமே செயின்ட் அவரு, அவர் லேடி இது, ஹோலி ஃபேமிலின்னு தான் இருக்கும். நம்ம ஊர்ல கான்வென்ட்னா ஃபீஸ், டொனேஷன்னு ஒரு பயம் வரும்ல, இங்க அது வேண்டாம். இங்க பத்து பிரைமரி ஸ்கூல்ல கிட்டத்தட்ட ஒன்பது கேத்தலிக் தான், ஆனா டீச்சர் சம்பளம் அரசாங்கம் குடுக்குது, ஃபீஸ் கிடையாது. ஸ்கூல் எந்த மத வழில நடக்கணும்னு பாத்துக்கிற, பேட்ரன்னு சொல்ற பொறுப்பு மட்டும் அந்த மறைமாவட்ட பிஷப்கிட்ட இருக்கும். வாலண்டரி கான்ட்ரிபியூஷன்னு வருஷத்துக்கு ஒரு தொகை கேப்பாங்க, கட்டாயம் இல்ல.

"நாங்க இந்துவாச்சே, முஸ்லிமாச்சே, சேத்துப்பாங்களா"ன்னு தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க. தாராளமா சேத்துப்பாங்க. முன்னாடி சீட் கம்மியா இருந்தா ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைங்களுக்கு முதலிடம் குடுக்கலாம்னு இருந்துச்சு, 2018ல சட்டம் மாத்தி கேத்தலிக் பிரைமரி ஸ்கூல்ல அத எடுத்துட்டாங்க. இப்ப வீடு எவ்ளோ பக்கம், அண்ணன் அக்கா அங்க படிக்கிறாங்களா, இந்த மாதிரி தான் பாப்பாங்க. ஒரே மதத்த சார்ந்த ஸ்கூல் வேண்டாம்னா எஜுகேட் டுகெதர், கம்யூனிட்டி நேஷனல் ஸ்கூல்னு இருக்கு, ஆனா உங்க ஏரியாவுல இருக்கணும், இடமும் இருக்கணும். என்னைய கேட்டா, நடந்து போற தூரத்துல கேத்தலிக் ஸ்கூல் இருந்தா கண்ண மூடிட்டு சேருங்க, நவம்பர் மழையில ரெண்டு பஸ் மாறி கூட்டிட்டு போற கொடுமைக்கு அது எவ்வளவோ மேல்.

சரி, உள்ள என்ன நடக்கும்? காலைல ஒரு ஜெபம், லஞ்சுக்கு முன்னாடி ஒண்ணு, வீட்டுக்கு கிளம்புறப்ப ஒண்ணு. அது போக ரிலிஜியன் கிளாஸ், தினமும் அரை மணி நேரம் கிட்ட. ஜூனியர் இன்ஃபன்ட்ஸ்னு சொல்ற முதல் வருஷ கிளாஸ்ல சேந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு வீட்ல சாம்பார் சாதம் தட்டுல விழுறதுக்குள்ள பிள்ளை நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோள்னு தொட்டு சிலுவை போட்டு ஏதோ முணுமுணுக்கும், தாத்தா பாட்டி வீடியோ கால்ல இருந்தா அன்னிக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கு. பதறாதீங்க, நாலு வயசுல அதுக்கு டீச்சர் செய்றத செய்யணும், அவ்வளவு தான்.

வேண்டாம்னா விலக்கிக்கலாம். அரசு பணம் வாங்குற எந்த ஸ்கூல்லயும் மத போதனைல கலந்துக்காம படிக்கிற உரிமை பிள்ளைக்கு உண்டுன்னு இந்த நாட்டு அரசியல் சட்டத்துலயே 44ஆவது பிரிவுல இருக்கு. ஆனா நடைமுறைல என்னன்னா, பிள்ளைய வெளிய அனுப்பி பாத்துக்க பெரும்பாலான ஸ்கூல்ல தனியா ஆள் கிடையாது, அதே கிளாஸ்ல பின்னாடி உக்காந்து கலரிங் பண்ணும் இல்ல கதை புக் படிக்கும், காதுல எல்லாம் விழத்தான் செய்யும். அதனால நம்ம ஆளுங்க நிறைய பேரு ஜெபம், பாட்டு, டிராமால இருக்கட்டும், சாக்ரமென்ட்னு சொல்ற சர்ச் சடங்கு மட்டும் வேண்டாம்னு நடுவுல நிக்கிறாங்க, எனக்கும் அது தான் சரின்னு படுது. எதுவா இருந்தாலும் செப்டம்பர்லயே டீச்சர்கிட்ட சொல்லிடுங்க, ஒரு ரெண்டு வரி ஈமெயில் போதும். யாரும் ஏன்னு குடைய மாட்டாங்க. வருஷ நடுவுல போய் சொன்னா தான் அவங்களுக்கும் சங்கடம் பிள்ளைக்கும் சங்கடம்.

வருஷம் எப்படி ஓடும்னா, அக்டோபர் கடைசில ஹாலோவீன், வேஷம் போட்டுட்டு போய் அதோட ஒரு வாரம் மிட்டெர்ம் லீவு. நவம்பர் இறந்தவங்கள நினைக்கிற மாசம், உங்க வீட்ல தவறிப்போன தாத்தா பேர எழுதி அனுப்பச் சொல்லலாம், தயங்காம குடுங்க, எந்த மதம்னு பாக்க மாட்டாங்க. டிசம்பர்ல கிறிஸ்துமஸுக்கு காத்திருக்கிற அட்வென்ட் வளையம், வாரம் ஒரு மெழுகுவர்த்தி, மூணு ஊதா ஒரு பிங்க். அப்புறம் குட்டிப் பிள்ளைங்க நேட்டிவிட்டி டிராமா, அதாவது இயேசு பிறந்த கதை. உங்க பிள்ளைக்கு ஆடு வேஷம் வந்தா கவலைப்படாதீங்க, இன்ஃபன்ட்ஸ்ல பாதிப் பேரு ஆடு தான். ஜனவரி கடைசில கேத்தலிக் ஸ்கூல்ஸ் வீக், அதுல ஒரு நாள் தாத்தா பாட்டிய ஸ்கூலுக்கு கூப்பிடுவாங்க, விசிட்டிங்ல அப்பா அம்மா வந்திருந்தா கண்டிப்பா கூட்டிட்டு போங்க, சேலைல வர்ற பாட்டிக்கு அங்க கிடைக்கிற மரியாதையே தனி. பிப்ரவரி 1 செயின்ட் பிரிஜிட் நாள், கோரைப்புல்ல மடிச்சு மடிச்சு சிலுவை பின்னி வீட்டுக்கு கொண்டு வருவாங்க, அது வாசக்கதவு மேல மாட்டுறது. 2023ல இருந்து அத ஒட்டி அரசு விடுமுறையும் உண்டு.

அடுத்து திருநீற்றுப் புதன், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குற நாள். சாயங்காலம் பிள்ளை நெத்தில சாம்பலோட வரும், நம்ம விபூதி மாதிரி வெள்ளையா இருக்காது, கருப்பா இருக்கும், போன வருஷ குருத்தோலைய எரிச்ச சாம்பல். வேண்டாம்னா முன்னாடியே சொல்லிடலாம். கூடவே ட்ரோக்கரேன்னு ஒரு அட்டை உண்டியல் வரும், தவக்காலம் முழுக்க சில்லறை போட்டு திருப்பிக் குடுக்கணும், வெளிநாட்டு ஏழைங்களுக்குப் போற காசு. எவ்ளோ போட்டீங்கன்னு யாரும் எண்ண மாட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயம், செகண்ட் கிளாஸ். ஏழு எட்டு வயசு. இந்த வருஷம் முழுக்க ஃபர்ஸ்ட் கம்யூனியன், அதாவது நம்ம ஊர்ல சொல்ற புதுநன்மை, பூசைல பிள்ளை முதல் தடவையா அப்பம் வாங்குற சடங்கு, அது தான் பேச்சு. நடுவுல முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியார்கிட்ட செஞ்ச தப்ப சொல்லி மன்னிப்பு கேக்குறது, மே மாசம் ஒரு சனிக்கிழமை சர்ச்ல விழா. பொண்ணுங்க வெள்ளை கவுன், தலைல வெள்ளை முக்காடு, கிட்டத்தட்ட குட்டி கல்யாணப் பொண்ணு, பசங்க கோட் சூட். அப்புறம் வீட்ல பார்ட்டி, பின்பக்கத் தோட்டத்துல குதிக்கிற பவுன்ஸி காசில், சொந்தக்காரங்க எல்லாம் கவர்ல காசு. திங்கக்கிழமை கிளாஸ்ல எவனுக்கு எவ்ளோ கலெக்‌ஷன்னு தான் பேச்சே. சேராத பிள்ளைக்கு வலிக்கிறது இந்த இடம் தான், சாமி விஷயமே இல்ல, வெள்ளை டிரஸ்ஸும் கவரும் தான். அதனால முன்னாடியே வீட்ல பேசி வைங்க, அது அவங்க விசேஷம், நமக்கு தீபாவளி பொங்கல்னு. பாட்டு பாடுற குரூப்ல சேத்துக்க முடியுமான்னு டீச்சர்கிட்ட கேளுங்க, பெரும்பாலும் சரின்னுடுவாங்க. பார்ட்டிக்கு கூப்பிட்டா கார்டுக்குள்ள பத்து இருபது யூரோ வச்சு குடுத்தா போதும்.

ஒண்ணு மட்டும் கவனம். ஸ்கூல் பூசைல எல்லாரும் வரிசைல போறாங்களேன்னு உங்க பிள்ளையும் போய் அப்பம் வாங்கிடக் கூடாது, அது புதுநன்மை எடுத்தவங்களுக்கு மட்டும். ரெண்டு கையையும் மார்புல குறுக்க வச்சுட்டு போனா சாமியார் ஆசீர்வாதம் மட்டும் குடுத்து அனுப்புவார். இத வீட்லயே சொல்லிக் குடுத்துடுங்க.

நம்ம கேத்தலிக் குடும்பங்களுக்கு வேற தலைவலி. பிள்ளையோட ஞானஸ்நான சர்டிபிகேட்ட ஊர் சர்ச் பங்குல இருந்து வரும்போதே வாங்கிட்டு வாங்க, இங்க இருந்துட்டு பங்குத்தந்தைக்கு போன் போட்டு அத்தை பையன அனுப்பி வாங்குறதுக்குள்ள மே மாசம் வந்துடும். அப்புறம் நம்ம ஊர்ல புதுநன்மை பல பங்குல ஒன்பது பத்து வயசுல தான், இங்க எட்டுலயே முடிஞ்சிடுது. தேர்ட், ஃபோர்த் கிளாஸ்ல வந்து சேர்ற பிள்ளை ஊர்லயும் எடுக்காம இங்கயும் விட்டுடும். ஸ்கூல் பாத்துக்கும்னு இருக்காதீங்க, நேரா பங்கு ஆபீஸ்ல போய் பேசுங்க, இப்ப பல பங்குல இதுக்கு பேர் குடுக்குறதே பெத்தவங்க வேலை. உறுதிபூசுதல் சிக்ஸ்த் கிளாஸ்ல, அதுக்கு ஒரு புனிதர் பேரும் கூட நிக்க ஸ்பான்சரும் வேணும். ஞானத்தாய் ஞானத்தகப்பன் ஊர்ல இருந்தா பரவாயில்ல, இங்க இருக்கிற வேற கேத்தலிக் ஆள நிக்க வைக்கலாம்.

நம்ம விசேஷத்துக்கு வருவோம். ஸ்கூல்ல இன்டர்கல்ச்சுரல் டேன்னு வச்சா பட்டுப்பாவாடை, வேட்டி எடுத்து விடுங்க. ஸ்வீட் அனுப்புறதுக்கு முன்னாடி மட்டும் கேட்டுக்கோங்க, நிறைய ஸ்கூல்ல நட்ஸ் சுத்தமா தடை, காஜு கத்லி, கடலை மிட்டாய், முந்திரி போட்ட லட்டு எதுவும் உள்ள போகாது, சில இடத்துல இனிப்பே கூடாது. தீபாவளி சில வருஷம் மிட்டெர்ம்லயே வந்துடும், 2024ல அப்படி தான், அக்டோபர் 31. 2025ல அக்டோபர் 20, ஸ்கூல் நாள். லீவு போடலாம், ஆனா கணக்கு வைங்க, வருஷத்துல 20 நாளோ அதுக்கு மேலயோ போனா ஸ்கூல் டுஸ்லாவுக்கு ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், அது குழந்தைங்க நலன பாக்குற அரசு அமைப்பு. லீவு நோட்டுல ரிலிஜியஸ் ஃபெஸ்டிவல்னு உண்மையையே போடுங்க. காய்ச்சல்னு போட்டீங்கன்னா மறுநாள் காலைலயே உங்க பிள்ளை கிளாஸ் முழுக்க எண்ணெய் தேச்சு குளிச்ச கதையையும் புது டிரஸ் கதையையும் சொல்லி முடிச்சிருக்கும்.