செவ்வல் காட்டுக்குக் கரும்பாலைக் கழிவு போடும் முறை

பென்னாகரம் பக்கம் மேட்டுக்காட்டில் ராகியும் நிலக்கடலையும் வைக்கிறவன் நான். சரளை கலந்த செவ்வல் மண். எவ்வளவு மழை பெய்தாலும் ஈரம் தங்காது. இந்த மண்ணுக்கு முதலில் வேண்டியது மக்கு, அதாவது மக்கிய சாணம், இலைதழை மாதிரியான பொருள். மாடு குறைந்துபோன ஊரில் தொழுஉரத்துக்கு எங்கே போவது? அரவைக் காலத்தில் பாலக்கோடு, கோபாலபுரம் மாதிரி சர்க்கரை ஆலைகளில் வரும் பிரஸ்மட்டைக் கேட்டுப் பாருங்கள். கரும்புச்சாற்றைத் தெளியவைத்து வடிகட்டும்போது நிற்கிற கழிவு அது. ஒரு டன் கரும்புக்கு 30, 40 கிலோ வரும். மணிச்சத்து, சுண்ணாம்பு, கந்தகம் எல்லாம் அதில் உண்டு. நிலக்கடலைக்கு இந்த மூன்றும் வேண்டும்.

லோடு இறங்கியதும் காட்டில் இறைத்துவிடாதீர்கள். புதுக் கழிவுக் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். அதில் மெழுகும் இருப்பதால் சீக்கிரம் மக்காது. அப்படியே உழுதுவிட்டால் முளை கருகும். மக்குகிற வேலைக்கு நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் பயிரும் வெளுத்துப்போகும்.

தண்ணீர் தேங்காத மேட்டில், மரநிழலில், இடுப்பு உயரத்துக்கு நீளமாகக் குவியுங்கள். சாணக்கரைசலில் டிரைக்கோடெர்மா விரிடி என்கிற, மக்கவைக்கும் பூஞ்சையைக் கலந்து அடுக்கடுக்காகத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிமேலாகப் புரட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. ஈரம் அதுதான் சரி. இரண்டு மாதத்தில் சூடு அடங்கி, கறுத்து, பொலபொலவென்று உதிரும். புளித்த நாற்றம் இருந்தால் இன்னும் பொறுங்கள். சந்தேகம் தீராவிட்டால் உரமும் மண்ணும் பாதிப்பாதி கலந்து ஒரு சட்டியில் பாசிப்பயறு போட்டுப் பாருங்கள். எல்லாம் முளைத்தால் போடலாம். புரட்டும்போது பெருவிரல் தடிமனில் வெள்ளைப்புழு தென்பட்டால் பொறுக்கிவிடுங்கள். காண்டாமிருக வண்டின் புழு அது, தென்னைக்கு ஆகாது.

ஏக்கருக்கு 5 டன், கடைசி உழவுக்கு முன். அவ்வளவுதான்.

வடிப்பாலைக் (சாராய ஆலை) கழிவுநீர் கலந்ததா என்று ஆலையிலேயே கேட்டுவிடுங்கள். கலந்திருந்தால் உப்பு கூடுதல், மானாவாரிக்கு வேண்டாம். அப்புறம், முலாம் பூசும் பட்டறைச் சேற்றை எவராவது 'உரம்' என்று இலவசமாகக் கொண்டுவந்து கொட்டினால் வண்டியைக் காட்டுக்குள் விடாதீர்கள். அதிலிருக்கும் குரோமியமும் நிக்கலும் உலோகங்கள், மக்குகிற பொருள் அல்ல. மண்ணிலேயே கிடந்து நம் பிள்ளைகள் தின்னும் தானியத்துக்குள் ஏறக்கூடும்.

உரம் போடுவதற்கு முன்பே அரைக் கிலோ மண்ணையும் தனிப் பையில் கொஞ்சம் மக்கிய உரத்தையும் பரிசோதனைக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையம் பக்கம்.