காருக்குள் பெட்ரோல் வாடை: நாம் செய்கிற தவறுகள்

சேலத்தில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் கணவாயில் வண்டி ஏற ஆரம்பித்ததும், பின்சீட்டில் இருந்த அம்மா "பெட்ரோல் வாடை அடிக்குதுப்பா" என்றார். ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் போகிற லாரிப் புகையாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மேடு முடிந்து சமதளம் வந்ததும் வாடை நின்றுவிட்டது. அதோடு மறந்தும் போனேன். காரணம் பிடிபட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது, அதன்மேல் என் குடும்பம் உட்கார்ந்திருந்தது. இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

வாடை வருகிறது என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள். எந்த வாடைக்கும் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். அதே காற்றில் இருப்பவருக்குத் தெரியாதது, புதிதாகக் கதவைத் திறந்து ஏறுபவருக்கு உடனே தெரியும். என்னை மாதிரி லாரி மேல் பழி போடாதீர்கள். டீசல் புகையின் வாடை வேறு, பெட்ரோல் வாடை வேறு.

அடுத்து எல்லோரும் செய்வது, வாசனை டப்பா வாங்கி ஏசி முன்னால் மாட்டுவது. நானும் மாட்டினேன். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரை விரிப்பிலும் சீட்டுக்கு அடியிலும் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். மல்லிகை வாசனை அந்த அளவைக் குறைக்காது, நம் மூக்கைத்தான் அடைக்கும். வாடை பலமாக இருந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பின்னால் வரும் வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாத முதல் அகலமான இடத்தில் ஒதுக்கி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். "எங்கே இருந்து வருது பார்ப்போம்" என்று திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். கீழே சொட்டினால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

சரி, சொட்டவில்லை, லேசான வாடைதான் என்றால்? நேராக ஒர்க்‌ஷாப்பில் விட்டு "வாடை வருது, பாருங்க" என்று மட்டும் சொல்வதுதான் பணத்தைத் தின்கிற தவறு. அங்கே வண்டி நிற்கும் நேரத்தில் பெரும்பாலும் வாடை வராது. அவர்கள் சந்தேகத்தின் பேரில் ஃபில்டரை மாற்றுவார்கள், மூடியை மாற்றுவார்கள். எனக்கு இரண்டும் மாற்றினார்கள். வாடை எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெட்ரோல் போட்ட அன்று மட்டும் அடித்து, டேங்க் பாதியானதும் நின்றுபோனால் கோளாறு டேங்கின் மேல்பக்கத்தில் இருக்கும். மூடியின் ரப்பர், நிரப்பும் குழாயை டேங்கோடு இணைக்கும் ஓஸ், பின்சீட்டுக்கு அடியில், பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் பம்ப் உட்கார்ந்திருக்கும் டேங்கின் வாய், இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள். மேட்டில் ஏறும்போதும் வளைவிலும் மட்டும் வந்தால் சந்தேகம் இன்னும் உறுதி, ஏனென்றால் நிறைந்த டேங்கில் பெட்ரோல் சாய்ந்து அந்த வாயைத் தொடுகிறது. காலையில் குளிர்ந்த வண்டியை எடுக்கும்போது அடித்து ஐந்து நிமிடத்தில் மறைந்தால் பானெட்டைத் திறந்து பாருங்கள். மார்கழிக் குளிரில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது அதிகம் தெரியும். இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஓரிங்கும் (ரப்பர் வளையம்) ஓஸ் முனையும் குளிரில் சுருங்கிக் கசியும், சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஓடும்போது இல்லாமல், கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கும்போது வந்தாலும் இன்ஜின் பக்கம்தான். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் வழியாக உள்ளே வருகிறது. ஆயில் கேஜை உருவி மோந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால் இன்ஜெக்டர் ஒழுகலாம், பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். ஆயில் நீர்த்துப்போய் இன்ஜினே கெடும், ஓட்டாதீர்கள்.

என் வண்டியில் நடந்தது இதுதான். ஆறு மாதம் முன்பு பம்ப் மாற்றியபோது, வாயில் இருந்த பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டிருந்தார்கள். பெட்ரோலில் ஊறிய ரப்பர் உப்பியிருக்கும், ஒருமுறை கழற்றினால் அதன் பள்ளத்தில் மறுபடி சரியாக உட்காராது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்று மெக்கானிக் சொன்னார், அதை நான் நம்புகிறேன். ஆனாலும் பம்பைக் கழற்றினால் புது வளையம்தான் வாங்கிப் போட வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பம்பின் விலையோடு பார்த்தால் அது ஒரு தொகையே இல்லை. பழைய வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், பழைய வண்டிகள் சிலவற்றின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொல்லியிருக்கிறது.

பங்க்கில் பெட்ரோல் போடும் துப்பாக்கி தானாக நின்றபிறகும் "ரவுண்டாப் போடுப்பா" என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது. அது ஆவிக்கானது. கழுத்து வரை ஊற்றினால் பெட்ரோலே அதற்குள் போய்க் கரி நனைந்துவிடும், அப்புறம் நாள்கணக்கில் வாடை வரும்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக் கொட்டகையில் வண்டி நிறுத்துபவர்கள் எலியையும் கணக்கில் வையுங்கள். ஓஸைக் கடித்துவிடும். கடித்த இடத்தில் டேப் சுற்றுவதும், கிடைத்த சாதாரண ரப்பர் குழாயைச் செருகுவதும் ஆபத்து. இன்ஜெக்டர் வண்டியில் அந்தக் குழாய்க்குள் 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும், டயர் காற்றைவிட அதிகம். அதற்கென்றே செய்த ஓஸும் கிளாம்ப்பும்தான் தாங்கும். இன்ஜினை நிறுத்தியபிறகும் அழுத்தம் உள்ளே நிற்கும் என்பதால், அதை இறக்காமல் கழற்றினால் சூடான இன்ஜின்மேல் பீய்ச்சும். இந்த வேலையை வீட்டு வாசலில் செய்ய வேண்டாம்.

டேங்கில் ஓட்டை என்றால் சோப்பு தேய்ப்பது, எம்சீல் அப்புவது எல்லாம் ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைக்கும்தான். காலி டேங்குக்கு வெல்டிங் வைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். பெட்ரோல் இல்லை என்றுதான் நினைப்போம். உள்ளே ஆவியும் காற்றும் சேர்ந்து, நிறைந்த டேங்கைவிட மோசமாக வெடிக்கும். கசிவைத் தேடக் குண்டு பல்பு வயரை இழுத்துக்கொண்டு போவதும் வேண்டாம், எல்இடி டார்ச் போதும். விரிப்பில் சிந்தியதை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது, அதன் மோட்டாரில் பொறி பறக்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து வெயிலில் விடுங்கள்.

வளையம் மாற்றிய பிறகு ஒர்க்‌ஷாப் வாசலில் பாதி டேங்கோடு ஒரு சுற்றுச் சுற்றி "சரியாப் போச்சு" என்றார்கள். அந்த வண்டியில் பாதி டேங்கில் வாடை எப்போதுமே வந்ததில்லை. அதனால் மறுபடி சேலம் போய், டேங்க்கை நிரப்பி, தொப்பூர் ஏறினேன். பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், வாயைச் சுற்றி ஈரம் இல்லை. லேசாக வாடை மட்டும் இருந்தது, விரிப்பில் ஊறிய பழையது. நாளுக்கு நாள் குறைந்தால் அது பழையது, அடுத்த முறை நிரப்பும்போது கூடினால் கசிவு இன்னும் இருக்கிறது. என் வண்டியில் ஐந்தாம் நாள் நின்றுவிட்டது.