சாம்பாரில் பருப்பு எத்தனை ஸ்பூன்? டே கேர் சாப்பாட்டுக்குப் பணம் நின்றுபோகும் இடங்கள்

அமெரிக்காவில் வீட்டிலேயே டே கேர் நடத்துகிறவர்களுக்கு சிஏசிஎஃப்பி தெரிந்திருக்கும். நாம் குழந்தைகளுக்குப் போடும் சாப்பாட்டுக்கு வேளாண்மைத் துறை பணம் திருப்பித் தரும் திட்டம் அது. வீட்டு டே கேர் என்றால் ஒரு ஸ்பான்சர் அமைப்பு (நம் கணக்குகளைச் சரிபார்த்துப் பணத்தை நமக்கு வாங்கித் தரும் அமைப்பு) வழியாகத்தான் சேர முடியும். சேர்ந்த பிறகு, நன்றாகச் சமைத்துப் போட்டும் பணம் வராமல் போகிறதே, அதுதான் மனதுக்கு வேதனை.

மதியச் சாப்பாட்டில் ஐந்து இருக்க வேண்டும்: பால், இறைச்சி அல்லது அதற்கு ஈடான புரதம், காய், பழம், தானியம். இதில் ஒன்று விடுபட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சாப்பாட்டுக்கே பணம் கிடையாது.

எனக்கு முதலில் அடி விழுந்தது அரிசியில். ஸ்பான்சர் அமைப்பிலிருந்து பார்வையிட வந்த பெண்மணி அலமாரியைத் திறந்து, இந்தியக் கடையில் வாங்கிய சோனா மசூரி மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘என்ரிச்டு’ என்ற சொல்லைத் தேடியிருக்கிறார், அது இல்லை. வெள்ளை அரிசி என்றால் சத்து சேர்த்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழு தானியமாக இருக்க வேண்டும். பச்சரிசி, புழுங்கலரிசி, பாசுமதி எதுவானாலும் மூட்டையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அமெரிக்கக் கடையில் கிடைக்கும் என்ரிச்டு அரிசியைச் சமைக்கும்முன் கழுவக் கூடாது. மேலே சேர்த்த சத்து தண்ணீரோடு போய்விடும். மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தே பழகிய கைக்கு இது கஷ்டம்தான். பிரவுன் ரைஸ், முழு கோதுமைச் சப்பாத்தி, ஓட்ஸ் இவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. எப்படியும் நாளுக்கு ஒரு வேளையாவது முழு தானியம் போட்டே ஆக வேண்டும்.

அடுத்தது பருப்பு. சைவ வீடுகளுக்கு இந்தத் திட்டம் சரிப்படாது என்று சிலர் ஒதுங்குகிறார்கள். அது தவறு. பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை, டோஃபு, தயிர் எல்லாம் இறைச்சிக்கு ஈடாகவே எண்ணப்படும். ஆனால் அளவு வேண்டும். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு மதியம் வெந்த பருப்பு 6 டேபிள்ஸ்பூன். 1, 2 வயதுக்கு 4 டேபிள்ஸ்பூன். வீட்டில் வைக்கிற மாதிரி நீர்க்க வைத்த சாம்பாரில் ஒரு கரண்டி ஊற்றினால் அதில் ஓரிரண்டு ஸ்பூன் பருப்பு இருந்தாலே பெரிது. 3 முதல் 5 வயதில் ஐந்து குழந்தைகள் என்றால் வெந்த பருப்பு மட்டும் ஏறக்குறைய 2 கப் ஆகிறது. அதனால் நான் சாம்பாரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை; கெட்டியான பருப்பு மசியலையோ சுண்டலையோ தனியாக அளந்து வைக்கிறேன். புரதமாக எண்ணிய அதே பருப்பைக் காயாகவும் எண்ண முடியாது. காய் தனியாக, 3 முதல் 5 வயதுக்குக் கால் கப், வேண்டும்.

தயிர் விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். வீட்டில் உறை ஊற்றிய தயிர் கணக்கில் வராது, கடைத் தயிர்தான் செல்லும். அதிலும் 2025 அக்டோபர் முதல், 6 அவுன்ஸில் சேர்த்த சர்க்கரை 12 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுத் தயிர் போடக் கூடாது என்பதல்ல. கூடுதலாகப் போடலாம், கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.

பாலுக்கு ஃபிரிட்ஜில் ஒரே கேலன் வைத்து எல்லோருக்கும் ஊற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு முழுக் கொழுப்புப் பால். 2 முதல் 5 வயது வரை 1 சதவீதக் கொழுப்புப் பாலோ, கொழுப்பே இல்லாததோ. இந்த வயதில் சாக்லேட் கலக்கக் கூடாது. பாயசத்தில் போன பால் பாலாக எண்ணப்படாது. டம்ளரில் குடிக்கக் கொடுத்ததுதான் கணக்கு.

வடை, பூரி இரண்டும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் டே கேரிலேயே எண்ணெயில் முக்கிப் பொரித்தது செல்லாது. குக்கீ, கேக் தானியமாக எண்ணப்படாது. ஜூஸ் நாளுக்கு ஒரு முறைதான், அதுவும் 100 சதவீதப் பழச்சாறாக இருக்க வேண்டும்.

நாள் முழுக்க நாம் நான்கைந்து வேளை கொடுத்தாலும், ஒரு குழந்தைக்கு இரண்டு சாப்பாடும் ஒரு சிற்றுண்டியும், அல்லது ஒரு சாப்பாடும் இரண்டு சிற்றுண்டியும் என்ற கணக்கில்தான் பணம் கேட்க முடியும். மாதக் கடைசியில் உட்கார்ந்து யார் எந்த நாளில் சாப்பிட்டார்கள் என்று யோசித்து எழுதாதீர்கள், அன்றன்றே குறித்துவிடுங்கள். ஆப்பிள் என்று மெனுவில் போட்டுவிட்டு வாழைப்பழம் கொடுத்தால், அன்றைக்கே அடித்துத் திருத்துங்கள்.

இன்னொன்று, இது நம் வீட்டுப் பழக்கத்திலிருந்து வருவது. தட்டைக் காலி செய்தால்தான் பணம் வரும் என்று நினைத்து ஊட்டித் திணிக்கிறோம். உரிய அளவு எல்லாம் குழந்தைக்குப் பரிமாறப்பட்டிருந்தால் போதும். அது ஒரு வாய் சாப்பிட்டு எழுந்து போனாலும் அந்தச் சாப்பாடு கணக்கில் உண்டு. என்னிடம் வரும் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இரண்டு மாதமாகப் பீன்ஸ் பொரியலைத் தொடவே இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் கால் கப் வைத்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் பக்கத்துத் தட்டைப் பார்த்துவிட்டு, தானாக ஒரு துண்டை எடுத்துக் கடித்தது.