குளிர்கால முழுநிலவு எழுவதைப் பார்க்க: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

கன்னியாகுமரி என்றதும் எல்லோருக்கும் சித்ரா பௌர்ணமிதான் நினைவுக்கு வரும். மேற்கே சூரியன் கடலில் இறங்க, கிழக்கே நிலவு கடலிலிருந்து ஏறும் காட்சி அது. மார்கழி, தை மாத முழுநிலவை விளக்கு வெளிச்சமே இல்லாத வயல்வெளியில் நின்று பார்த்தவர்கள் குறைவு. இரண்டு குளிர்காலம் கோட்டைவிட்டு, மூன்றாவதில்தான் எனக்கு அது வாய்த்தது.

1. நாள்

நாள்காட்டித் தாளில் ‘பௌர்ணமி’ என்று இருப்பதை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். திதி எத்தனை மணி வரை என்று பாருங்கள். பௌர்ணமித் திதி முடியும் கணத்தில்தான் நிலவு சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. திதி நடந்துகொண்டிருக்கும் மாலையில் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே நிலவு எழுந்துவிடும். அடுத்த மாலையில் சுமார் 50 நிமிடம் தாமதமாக, இருட்டத் தொடங்கியபின் எழும். இரண்டில் எந்த மாலை உங்களுக்கு ஏற்றது என்பதை மூன்றாவது படி முடிவு செய்யும்.

மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு தைக்குத்தான். மார்கழியில் வடகிழக்குப் பருவமழையின் மிச்ச மேகங்கள் பல மாலைகளைக் கெடுத்துவிடும்.

2. திசை

நேர் கிழக்கே பார்த்து நிற்காதீர்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே ஒதுங்கியிருப்பதால், அதற்கு எதிரே வரும் முழுநிலவு வடக்கே ஒதுங்கும். மார்கழியில் நேர் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை, தையில் கொஞ்சம் குறைவு. வானத்தில் நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால் இந்த இடம் 18.6 ஆண்டுச் சுழற்சியில் முன்னும் பின்னும் நகரும். 2025-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது மிகவும் வடக்கே போயிருக்கிறது. சித்திரையில் பார்த்த இடம் இதற்கு உதவாது.

இதே காரணத்தால் நள்ளிரவில் நிலவு கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். அப்போது வரப்பில் நின்று பாருங்கள்: உங்கள் நிழல் காலடியில் சுருங்கி, சற்றே தெற்கே சாய்ந்து கிடக்கும்.

3. அடிவானம்

என்னை இரண்டு ஆண்டுகள் ஏமாற்றியது இந்தப் படிதான், நிதானமாகப் படியுங்கள்.

தோவாளை அருகே மலையடிவாரத்து ஏலா (நெல்வயல் பரப்பு) ஒன்றில் போய் நின்றேன். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் கதிர் பிடித்திருந்தது. சுற்றிலும் ஒரு விளக்கு இல்லை. நிலவு எழும் நேரம் மாலை 6.30 என்று குறித்து வைத்திருந்தேன். 6.45 ஆயிற்று, 7 ஆயிற்று, வானத்தில் ஒன்றுமில்லை. நாளைத்தான் தவறவிட்டேன் என்று நினைத்து வண்டியைக் கிளப்பினேன். பத்து நிமிடம் போயிருப்பேன், பக்கக் கண்ணாடியில் நிலவு மலைமேல் முழுதாக உட்கார்ந்திருந்தது.

மறு ஆண்டும் அதே இடம், அதே காத்திருப்பு. மடை பார்க்க வந்த பெரியவர் ஒருவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். “அதற்குப் பொத்தையைத் தாண்டி வர வேண்டாமா, மக்களே?” என்றார். பொத்தை என்றால் குன்று. விடை அவ்வளவுதான். நாள்காட்டியும் செயலியும் சொல்வது சமதள அடிவானத்துக்கான நேரம். நம் மாவட்டத்தில் பாதி ஊர்களுக்கு வடகிழக்கில் மலை நிற்கிறது.

அளப்பதற்குக் கருவி வேண்டாம். பகலிலேயே அந்த இடத்துக்குப் போய், நிலவு எழும் திசையில் கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்குங்கள். முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை, நடு மூன்று விரல்கள் 5 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. மலை ஒரு முஷ்டி உயரம் என்றால் நிலவு 40 முதல் 45 நிமிடம் தாமதிக்கும். மூன்று விரல் என்றால் 20 நிமிடத்துக்குச் சற்று மேல். எனக்குத் தோவாளையில் ஒரு முஷ்டி வந்தது. தேரூர்க் குளக்கரைக்கு நகர்ந்ததும் மலை மூன்று விரலுக்கு இறங்கிவிட்டது. மணக்குடிக் காயல், புத்தளம் உப்பளங்கள் பக்கம் அடிவானம் இன்னும் தாழ்வு, ஆனால் இருட்டு போதாது.

இப்போது முதல் படிக்குத் திரும்புங்கள். மலை உயரமாக இருந்தால் திதி நடக்கும் மாலையிலேயே போய்விடுங்கள். நிலவு முந்திவரும் நேரத்தை மலை ஈடுகட்டிவிடும், அந்தி வெளிச்சத்தில் அழகாகக் கிடைக்கும். அடிவானம் திறந்திருந்தால் மறுநாள் மாலை.

4. எடுத்துச் செல்ல

7×50 அல்லது 10×50 பைனாகுலர். இதற்குத் தொலைநோக்கி வேண்டாம், நிலவோடு மலைவிளிம்பும் மரமும் சேர்ந்து தெரிவதுதான் இந்தக் காட்சி. நேரம் பார்க்க ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலி போதும், அதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். ஆனால் வரப்பில் நடக்கும்போது வெள்ளை வெளிச்சமே போடுங்கள், பாம்பு இருக்கும்.

5. அந்த இரண்டு நிமிடம்

சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கே அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழும், அதற்கு மேலே இளஞ்சிவப்பு. நீலம் பூமியின் நிழல். திறந்த அடிவானத்தில் இதைத் தவறவிடாதீர்கள். நிலவின் விளிம்பு தெரிந்தது முதல் முழு வட்டம் வெளிவர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். தாழ்வாக இருக்கும்போது கீழ்ப்பக்கம் சப்பி, செங்கல் நிறத்தில் இருக்கும். கனத்த காற்றடுக்கு ஒளியை வளைப்பதால் அந்தச் சப்பை, நீலத்தைச் சிதறடிப்பதால் அந்த நிறம். மலைக்கு மேல் வரும் நிலவில் இந்தச் சிவப்பு குறைவு, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை: குலசேகரம் பக்கத்து வாசகர் ஒருவர், சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், அடிவானமே கிடையாது என்று எழுதியிருந்தார். பக்கத்தில் குளம் இருந்தால் அதன் மேற்குக் கரையில் நில்லுங்கள், தண்ணீரின் அகலம் மரங்களைத் தள்ளிவைக்கும் என்று பதில் எழுதினேன். அவர் குளத்துக்குப் போகவில்லை. தை மாதத்தில் ரப்பர் இலை உதிர்ந்துவிடுமே என்று தோட்டத்திலேயே நின்றிருக்கிறார். மொட்டைக் கிளைகளுக்குள் நிலவு படிப்படியாக ஏறியதாம். காலடியில் கிடந்த சருகில் கிளைகளின் நிழல் விழுந்தபோதுதான் நேரம் ஒன்பது ஆனதைக் கவனித்தாராம்.