கிணற்று நீரும் கச்சான் காற்றும் அறிந்து வீட்டில் சவர்க்காரம் செய்தல்

உவர்நீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பதைத் திருகோணமலைக் கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் நிலாவெளிப் பக்கத்து உறவினர் வீட்டுக் கிணற்றடியில் குளித்தவர், கடையில் வாங்கிய கட்டியை எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்குப் பதிலாக வெண்ணிறப் பிசுக்கே உடம்பில் படிவதைக் கண்டிருப்பார். நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து, கரையாத ஒரு படிவை உண்டாக்குகின்றன; நீரிலுள்ள உப்போ சவர்க்காரம் கரைவதையே தடுக்கிறது. தேங்காய் எண்ணெயில் செய்த சவர்க்காரம் மற்ற எண்ணெய்களில் செய்ததைவிட எளிதில் கரையக்கூடியது என்பதால், உவர்நீரிலும் ஓரளவு நுரைக்கும். கடல்நீரில் குளிக்க நேர்ந்த கப்பலோட்டிகளுக்கென்று செய்யப்பட்ட சவர்க்காரம் தேங்காய் எண்ணெயில் ஆனதாக இருந்ததற்கும் இதுவே காரணம். ஆகவே, குளிர்நாட்டவர் தங்கள் ஒலிவ் எண்ணெயையும் தங்கள் குழாய்நீரையும் மனத்தில் வைத்து எழுதிய செய்முறைகளை அப்படியே பின்பற்றாமல், நம் கிணற்றுக்கும் நம் காற்றுக்கும் பொருந்துமாறு மாற்றி, ஆறு ஆண்டுகளாக வீட்டில் செய்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ‘இரசாயனம் அற்றது’ என்று உறையில் அச்சிட்ட இயற்கைச் சவர்க்காரக் கட்டிகளைக் காணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பெயரிலேயே காரத்தை வைத்திருக்கும் பொருளைக் காரம் இல்லாமல் செய்ய எவராலும் இயலாது. எண்ணெயும் காரமும் வினைபுரிந்து, சவர்க்காரமாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் இணைந்த பொருள் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் 1823ஆம் ஆண்டளவில் விளக்கிய பின்னரே, அதுவரை கைப்பழக்கமாக இருந்த இத்தொழிலுக்குக் கணக்கு கிடைத்தது. அந்தக் கணக்கு சரியாக இருந்தால், வினை முடிந்தபின் கட்டியில் தனிக் காரம் மிஞ்சுவதில்லை. தேங்காய்ப் பொச்சை எரித்த சாம்பலை ஊறவைத்து வடித்த காரநீரிலும் சவர்க்காரம் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாம்பலில் பொட்டாசியமே மிகுதி என்பதால் கிடைப்பது களிபோன்ற மென்சவர்க்காரம். மேலும் அந்நீரின் வலிமை ஒவ்வொரு முறையும் மாறும். கட்டியாக வேண்டுமென்றால் சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது காஸ்டிக் சோடா, வேண்டும். அடைபட்ட குழாய்களைத் திறக்க விற்கப்படும் தூள்கள் சிலவற்றில் அலுமினியத் துகள்களும் வேறு பொருள்களும் கலந்திருக்கும் என்பதால், தூய சோடியம் ஐதரொட்சைட்டு என்று உறையில் தெளிவாக எழுதப்பட்டதை மட்டுமே வாங்க வேண்டும்.

முதல் முறை செய்பவர் 500 கிராம் எண்ணெய்க்கு மேல் எடுக்க வேண்டாம். என் அளவு இது: தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 125 கிராம், வேப்பெண்ணெய் 50 கிராம், ஆமணக்கெண்ணெய் 25 கிராம். இவற்றுக்குக் காய்ச்சி வடித்த நீர் 150 கிராம், சித்திரிக் அமிலத் தூள் 5 கிராம், காஸ்டிக் சோடா 78 கிராம். தேங்காய் எண்ணெய் நுரையையும் கடினத்தையும் தருகிறது. ஆனால் அது மட்டுமே இருந்தால் தோலை வறளச்செய்யும் என்பதால், நல்லெண்ணெய் அதன் கடுமையைத் தணிக்கிறது. ஆமணக்கெண்ணெய் சிறிதளவு இருந்தாலே நுரை விரைவில் கலைந்துபோகாது. வேப்பெண்ணெயை இதற்குமேல் கூட்டினால் குளியலறை முழுவதும் அதன் வாடைதான் நிற்கும்.

இந்த 78 கிராம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொண்டால், எண்ணெயை மாற்றும்போது தடுமாற வேண்டியிராது. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாவதற்கு ஏறத்தாழ 0.183 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும், நல்லெண்ணெய்க்கு 0.134, வேப்பெண்ணெய்க்கு 0.139, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128. மேற்சொன்ன நிறைகளால் பெருக்கிக் கூட்டினால் சுமார் 82 கிராம் வரும். அவ்வளவையும் இடாமல் 75 கிராமோடு நிறுத்துவதால், எண்ணெயில் ஏறக்குறைய 8 வீதம் மாறாமல் கட்டியிலேயே தங்கித் தோலுக்கு மென்மை தருகிறது; காரம் சற்றுக் கூடிப்போனாலும் அதை ஏற்றுக்கொள்ளும் பாதுகாப்பு எல்லையும் அதுவே. மீதி 3 கிராம், சித்திரிக் அமிலம் எடுத்துக்கொள்ளும் பங்கு. அந்த அமிலம் காரத்தோடு சேர்ந்து சோடியம் சித்திரேற்றாக மாறி, நான் முதலில் சொன்ன கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், கிணற்று நீரில் பிசுக்குக் கணிசமாகக் குறைகிறது. நல்ல நீர் உள்ள வீட்டில் அமிலத்தை விட்டுவிட்டுக் காரத்தை 75 கிராமாக வைத்துக்கொள்ளலாம். ஓர் எண்ணெய் கிடைக்கவில்லை என்று வேறொன்றை அதே நிறையில் ஊற்றிவிடக் கூடாது. கணக்கை மறுபடியும் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசில் நிறுக்க வேண்டும். கறி சமைக்கும் கைப்பக்குவத்தை இதில் காட்ட முயன்றவர்களின் சவர்க்காரம் ஒன்று எண்ணெயாக வழியும், அல்லது தோலைச் சுடும்.

காரத்தைக் கரைப்பதற்குக் கிணற்று நீர் ஆகாது. காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத இடத்தில், மாரியின் முதல் மழைகள் கூரையைக் கழுவிச் சென்றபின் பிடித்து வடிகட்டிய மழைநீர் போதும். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரைக் கடையில் கேட்பவர்கள், அதே வரிசையில் இருக்கும் பற்றரி அமிலத்தைத் தவறி எடுத்துவிடாமல் பார்க்க வேண்டும்.

பாத்திரங்கள் எவர்சில்வராகவோ தடித்த பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். காரம் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஐதரசன் வாயுவை வெளியிடும் என்பதால், அலுமினியச் சட்டியோ மூடியோ கரண்டியோ அருகில்கூட இருக்கக் கூடாது. கண்ணாடிக் குவளை சூட்டில் வெடிக்கக்கூடும். இதற்கென்று எடுத்த பாத்திரங்களைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது.

கைக்கு இறப்பர் கையுறையும், கண்ணுக்கு மூடிய கண்ணாடியும், முழுக்கைச் சட்டையும் அணிந்து, காற்றோட்டமுள்ள விறாந்தையிலோ முற்றத்திலோ நின்று செய்ய வேண்டும். பிள்ளைகளும் கோழி, நாய், பூனைகளும் அந்தப் பக்கம் வராமல் ஒருவர் காவல் இருப்பது நல்லது. நிறுத்த நீரில் முதலில் சித்திரிக் அமிலத்தைக் கரைத்து, பின்னர் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். காரத்தை நீரில் இடுவதே முறை. காரத்தின் மேல் நீரை ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். கரைசல் அடுப்பில் வைக்காமலேயே 80 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறி ஆவி விடும். அந்த ஆவியை மூச்சில் இழுக்காமல், காற்று நம்மைக் கடந்து பாத்திரத்தை நோக்கி வீசும் பக்கமாக நின்றுகொள்ள வேண்டும். தோலில் பட்டால் வினாகிரியைத் தேடி ஓடாமல், உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும்; கண்ணில் பட்டால் அவ்வாறு கழுவியபின் தாமதிக்காது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மிஞ்சிய காஸ்டிக் சோடா நம் ஈரக்காற்றில் வெகுவிரைவில் நீர்த்துக் கட்டிபட்டுவிடும் என்பதால், போத்தலை இறுக மூடி, பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

கரைசல் ஆறட்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் முதல் வாளி நீரைத் தலையில் ஊற்றியபோது உணர்ந்த அந்த இளஞ்சூட்டை, பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கையுறையோடு தொட்டுப் பார்த்தால் உணரும் நிலை வரும்வரை காத்திருக்கலாம்; வெப்பமானி இருப்பவர்களுக்கு 35 முதல் 40 பாகை. குளிர்நாட்டுச் செய்முறைகள் எண்ணெயை உருக்கச் சொல்லும். தேங்காய் எண்ணெய் 25 பாகைக்குக் கீழேதான் உறையும் என்பதால், இங்கே அந்த வேலை பெரும்பாலும் இல்லை.

எண்ணெய்க் கலவைக்குள் கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளற வேண்டும். கையில் பிடித்து அரைக்கும் பிளென்டர் இருந்தால், சில விநாடிகள் ஓட்டியும் நிறுத்திக் கிளறியும் மாறி மாறிச் செய்தால் ஐந்து, பத்து நிமிடங்களில் பதம் வந்துவிடும். மர அகப்பையால் மட்டும் கிளறுவோர் அரைமணி நேரத்துக்கு மேலும் பொறுக்க நேரிடும். பதம் என்பது இதுதான்: அகப்பையால் சிறிது எடுத்து மேற்பரப்பில் கோலமிழைபோல் வடியவிட்டால், அந்த இழை உடனே அமிழாமல் சற்று நேரம் மேலே நிற்க வேண்டும். தண்ணீர்போல் இருக்கையில் அச்சில் ஊற்றினால் எண்ணெய் பிரிந்துவிடும்; கெட்டித் தோசைமாபோல் ஆனபின் ஊற்றினால் கட்டிக்குள் காற்றுக்குமிழ் நிற்கும்.

மணமும் நிறமும் சேர்க்க வேண்டியது இந்த நேரத்தில்தான். இங்கேதான் ஆசை மிகுந்து பலர் ஏமாறுகிறார்கள். மஞ்சள்தூளைக் காரக் கலவையில் இட்டதும் அது செந்நிறமாக மாறுவதைக் கண்டு திகைக்க வேண்டாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வருவதற்கும் காரணம் அதே காரந்தான். நாள் செல்லச்செல்லச் சிவப்பு அடங்கிக் காவி கலந்த மஞ்சளாக நிற்கும். இந்த அளவுக்கு அரைத் தேக்கரண்டி போதும், கூட்டினால் துவாயில் கறை படியும். வேப்பிலைத் தூளின் பச்சை சில வாரங்களில் மண்ணிறமாகிவிடும். மல்லிகை இதழ்கள் கறுத்துப்போவதோடு, அவற்றின் மணத்தில் ஒரு துளியும் காரத்துக்குத் தப்புவதில்லை. வெட்டிவேரைப் பொடித்து இட்டால் உடம்பைக் கீறும். அதை நல்லெண்ணெயில் இரண்டு வாரங்கள் ஊறவைத்து வடிகட்டிய எண்ணெயைப் பயன்படுத்துவது மேல். கற்றாழைச் சோற்றை நன்றாக மசித்து வடித்து, நீரின் அளவில் 30 கிராமைக் குறைத்துக்கொண்டு அவ்வளவை இப்போது சேர்க்கலாம். மண எண்ணெய் வேண்டுவோர் 500 கிராம் எண்ணெய்க்கு 15 கிராமைத் தாண்டக் கூடாது. நம் நாட்டுப் பொருள்களாயிற்றே என்று கறுவா எண்ணெயையும் கராம்பு எண்ணெயையும் தாராளமாக விடுவது தவறு. அவை தோலை எரிச்சற்படுத்துவதோடு, கலவையைச் சில நிமிடங்களில் சட்டியிலேயே இறுகச் செய்துவிடும். சித்திரனெல்லா எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. வேம்போ மஞ்சளோ சேர்த்ததால் இது தோல்நோய்க்கு மருந்தாகிவிடும் என்று எவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். இது அழுக்கைப் போக்கும் பொருள் மட்டுமே.

அச்சுக்கு வெறும் பால் பெட்டி போதும். வழவழப்பாகத் தேய்த்து உட்புறம் எண்ணெய்த்தாள் வைத்த சிரட்டையிலும் அழகான அரைவட்டக் கட்டிகள் கிடைக்கும். ஊற்றியபின் துவாயால் போர்த்தி வைக்குமாறு குளிர்நாட்டார் எழுதுவதை இங்கே செய்யவே கூடாது. வினை நடக்கும்போது கலவை தானாகவே சூடேறும். நம் ஊர்ச் சூடும் சேர்ந்தால் நடு வெடித்து மேலெழும். என் இரண்டாவது ஆண்டில், எருமைப்பாலும் தேனும் சேர்த்துச் செய்த கலவையைப் போர்த்தி வைத்துவிட்டு மதியம் கண்ணயர்ந்தேன். இரண்டுமே சர்க்கரை உள்ள பொருள்கள் என்பதால் சூடு இரட்டிப்பாகி, எழுந்து பார்த்தபோது பொங்கற்பானைபோல் பொங்கி மேசைமேல் வழிந்திருந்தது. கூவத்தான் மனம் வரவில்லை. இப்போது அச்சை நிழலில், காற்றுப் படும் இடத்தில், திறந்தே வைக்கிறேன்.

தேங்காய் எண்ணெய் மிகுந்த கட்டி விரைவில் இறுகி, பின்னர் கத்தி பட்டால் நொறுங்கும். ஆகையால் 18 முதல் 24 மணி நேரத்துக்குள், இன்னும் கையுறையோடு, வெட்டிவிட வேண்டும். கத்தியைவிட, மீன்பிடிக்கப் பயன்படும் தங்கூசி நூலை இரு முனையிலும் பிடித்து அழுத்தினால் விளிம்பு சிதறாது. ஏழு கட்டிகள்வரை கிடைக்கும்.

இனி வேலை காற்றுக்கு உரியது. கட்டிகளைப் பனையோலைச் சுளகில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் நீர் வற்றிக் கட்டி இறுகும். வாரந்தோறும் ஒரே கட்டியை நிறுத்துப் பார்த்து, நிறை குறைவது நின்றுவிட்டால் முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கச்சான் காற்று உலர்ந்து வீசும் மே முதல் செப்ரெம்பர் வரையான மாதங்களில் செய்தவை நான்கு வாரங்களில் கல்போல் ஆகிவிடுகின்றன. வாடையோடு மழை கொட்டும் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் செய்தவையோ, உள்ளிருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால், முத்து முத்தாக வியர்த்து நிற்கும். வியர்வை கெடுதி அன்று; துடைத்துவிட்டு மின்விசிறியின் கீழ் வைத்தால் போதும். செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றிச் சிக்குவாடை அடித்தால் மட்டும், மிஞ்சிய எண்ணெய் கெட்டுப்போய்விட்டது என்று அறிந்து, அக்கட்டிகளைத் துணி துவைக்க ஒதுக்க வேண்டும். ஆண்டு முழுவதற்கும் வேண்டியதைக் கச்சானிலேயே செய்துவைத்துவிடுவது என் வழக்கம்.

பயன்படுத்துமுன் நனைத்த கட்டியில், காரத்தன்மையின் அளவை நிறத்தால் காட்டும் பீஎச் தாளை வைத்துப் பார்க்க வேண்டும். 9க்கும் 10.5க்கும் இடையில் காட்டினால் சரியே. சவர்க்காரம் இயல்பிலேயே காரத்தன்மை உடையது. 12ஐ நெருங்கினாலோ, கட்டியில் வெண்மணிகள் துருத்தி நின்றாலோ, அது வினைபுரியாமல் மிஞ்சிய காரம். அதை உடம்பில் போடக் கூடாது.

கடைக் கட்டியைவிட இதில் கிளிசரின் முழுவதும் தங்கியிருப்பதால், தேங்கிய நீரில் கிடந்தால் இரண்டே நாளில் கூழாகிவிடும். கண் திறந்த சிரட்டையைக் கிணற்றுக் கட்டின்மேல் கவிழாமல் பதித்து, அதன்மேல் நான்கு ஈர்க்குகளைக் குறுக்கே வைத்துக் கட்டியை அதில் வைத்தால், நீர் கண்வழியே வடிந்துவிடும்.